பலகை யாருக்காக?



நம் ஊர்களில் பலகைகளுக்குக் குறைவில்லை. பஸ்ஸின் நெற்றியில் ஒரு பலகை, ஆஸ்பத்திரி வாயிலில் ஒரு பலகை, தாலுகா அலுவலகத்துத் தாழ்வாரத்தில் அறைக்கு ஒரு பலகை. வழி தெரியாமல் நிற்பவருக்கு, அவர் வாய் திறந்து கேட்கும் முன்பே வழி சொல்வது பலகையின் வேலை. அந்த வேலையை அது எல்லாருக்கும் செய்கிறதா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மாணவ நண்பர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். நாளைக்குப் பொறியாளராகவும் ஓவியராகவும் அதிகாரியாகவும் இருந்து பலகைகளை எழுதச் சொல்லப் போகிறவர்கள் நீங்கள்தாமே!

1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஒரு திருவிழாப் போல நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள். அதே மூச்சில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அப்போது கல்லூரி மாணவனாக இருந்த நான், ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் தொண்டனாகப் பாடம் சொன்னேன். என்னிடம் படித்தவர்களில் ஓர் அக்காள் இருந்தார். கல் உடைக்கும் வேலைக்குச் செல்பவர். "எதற்காகப் படிக்க வந்தீர்கள்?" என்று கேட்டபோது, "பஸ்ஸு போர்டை நானே படிக்கணும் தம்பி; யாரையும் கேட்கக் கூடாது" என்றார். சில மாதங்களில் படித்தும் காட்டினார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அண்மையில் மாவட்டத்துப் பஸ் நிலையம் ஒன்றில் அவரைக் கண்டேன். எழுபதை நெருங்கிவிட்ட அவர், அருகில் நின்ற சிறுவனிடம், "இந்த வண்டி எங்கே போகுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்து மறந்துபோயிற்றோ என்று எண்ணினேன். "எழுத்து மறக்கலை தம்பி, போர்டுதான் தெரியலை" என்றார். நீரிழிவு நோய் அவருடைய விழித்திரையைப் பாதித்திருந்தது. அதற்கு முந்திய வாரம் கீரனூரில் உள்ள மகளையும் அழைத்துக்கொண்டு, திருச்சியில் கண் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டாராம். பலகையின் முதல் இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டன: 'கீர'. ஏறி அமர்ந்தார். வண்டி கீரமங்கலம் செல்வது. கீரனூர் வடக்கே திருச்சிச் சாலையில். கீரமங்கலமோ கிழக்குப் பக்கம். டிக்கெட் வாங்கும்போதுதான் தவறு தெரிந்தது. இடைவழியில் இறங்கித் திரும்பி வருவதற்குள் டாக்டரைப் பார்க்கும் நேரம் கடந்துவிட்டது. பார்வையைக் காப்பதற்காகப் புறப்பட்ட பயணம் ஒரு பலகையால் பாழாயிற்று.

இந்த அம்மையார் குருடர் அல்லர், எழுத்தறியாதவரும் அல்லர். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி அணிந்தும், சிகிச்சை பெற்றும் முழுமையாகத் திருத்த முடியாத பார்வையை 'குறைபார்வை' என்கிறோம். கண் டாக்டரின் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் கண் 18 மீட்டரில் படிக்கக்கூடிய எழுத்தை, ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்றால், அவர் பார்வையை 6/18 என்று குறிப்பார்கள். நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கும் 3/60-க்கும் இடையில் குறைந்திருந்தாலும், பார்வையின் பரப்பு 40 பாகையிலிருந்து 10 பாகை வரை குறுகியிருந்தாலும், அதைக் குறைபார்வை என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கிறது.

குறைபார்வை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கண்புரை உள்ளவருக்கு உலகம் புகை படிந்த கண்ணாடி வழியே தெரிவது போலிருக்கும்; வெயிலின் கூச்சம் அதை இன்னும் கெடுக்கும். கண்ணில் நீரழுத்த நோய் முற்றியவருக்கு நடுப்பகுதி தெரியும், ஓரங்கள் மறைந்துவிடும். விழித்திரையின் மையம் பழுதுபட்டவருக்கு ஓரங்கள் தெரியும். நேரே பார்க்கும் இடம் மறைந்துவிடும். ஆகவே, ஒரே மருந்து எல்லாருக்கும் பொருந்தாதது போல, ஒரே பலகையும் எல்லாருக்கும் முழுமையாகப் பொருந்தாது. ஆனால் சில அடிப்படை விதிகளைப் பின்பற்றினால் பெரும்பாலோருக்கு உதவும் பலகையைச் செய்துவிடலாம்.

முதலாவது, எழுத்தின் அளவு. இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1862-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் எழுத்து அட்டையை வகுத்தபோது, ஒரு கோணத்தை அடிப்படையாகக் கொண்டார். ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பிரித்தால், சாதாரணக் கண்ணுக்குத் தெரியக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் ஐந்து கலை. அதிலுள்ள கோட்டின் பருமன் ஒரு கலை. இதை மில்லிமீட்டரில் சொன்னால் எளிது. தூரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு 1.45-ஆல் பெருக்குங்கள், வருவது எழுத்தின் உயரம். 10 மீட்டருக்கு 14.5 மில்லிமீட்டர், 30 மீட்டருக்கு ஏறத்தாழ 44 மில்லிமீட்டர். பார்வை 6/18 உள்ளவருக்கு இதன் மும்மடங்கு வேண்டும். 6/60 உள்ளவருக்குப் பத்து மடங்கு. அதாவது பஸ் நிலையத்தில் 30 மீட்டருக்கு அப்பால் நிற்கும் வண்டியின் பலகையை முன்னவர் படிக்க 13 சென்டிமீட்டர் உயரமும், பின்னவர் படிக்க 44 சென்டிமீட்டர் உயரமும் தேவை. இதுவும் கண்ணைச் சுருக்கித் திணறிப் படிக்கும் அளவே. இளைப்பாறிப் படிக்க வேண்டுமானால் இன்னும் ஒரு மடங்கு கூட்ட வேண்டும்.

"முழங்கை நீளத்துக்கு எழுத்தெழுதினால் பஸ்ஸில் இடம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்குவதும், படிப்பவரைப் பத்து மடங்கு அருகில் வரவிடுவதும் ஒன்றே. பார்வை 6/60 உள்ளவர் ஒரு மீட்டர் தூரத்துக்கு வர முடிந்தால், அவருக்குத் தேவை 15 மில்லிமீட்டர் எழுத்துதான். தாராளமாக 30 வைத்துக்கொள்ளலாம். ஆகவே உயரத்தில் தொங்கும் பெரிய பலகை ஒன்று. அதே செய்தியைத் தாங்கி, கண் மட்டத்தில், கிட்டே போய் நின்று படிக்கக்கூடிய சிறிய பலகை இன்னொன்று. பஸ்ஸில் முன்னே இருப்பது போலவே ஏறும் படியின் பக்கத்திலும் ஊர்ப்பெயர் இருந்தால் என்ன? பல இடங்களில் கண் மட்டத்துப் பலகையின் முன்னே சாக்கடையோ, பூந்தொட்டியோ, சைக்கிள் வரிசையோ குறுக்கே நிற்கிறது. அவற்றை விலக்கச் செலவொன்றும் இல்லை.

எழுத்தின் அளவோடு சேர்ந்தது எழுத்தின் வடிவம். அயல்நாட்டு நூல்கள் ரோமன் எழுத்துக்குச் சொல்லும் விதிகளை அப்படியே தமிழுக்குப் பெயர்த்துவைப்பது பயன்படாது. ஸ்னெல்லன் அட்டையின் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தில் மூன்று கோடுகளும் இரண்டு இடைவெளிகளும். ஐந்து பங்குக்குள் அடங்கிவிடும். நம் 'ண' அப்படி அடங்குவதில்லை. அதில் சுழிகள் நெருங்கி நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் அவை அடைபட்டுப்போய் 'ண' எது, 'ன' எது என்று தெரிவதில்லை. 'ர'வும் துணைக்காலும் ஒன்றாகத் தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளியோ முதலில் மறைவது. ஆகவே அதே தூரத்துக்குத் தமிழ் எழுத்து இன்னும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். சுழிகளின் உள்ளே வெளிச்சம் புகும்படி விரிந்திருக்க வேண்டும். புள்ளி கோட்டின் பருமனுக்குக் குறையாமல், எழுத்தோடு ஒட்டாமல் நிற்க வேண்டும். நீண்ட ஊர்ப்பெயரை ஒரே வரியில் அடக்க எழுத்துகளை நெருக்கி ஒல்லியாக்குவது பெருந்தவறு. 'ஆவுடையார்கோவில்' என்பதை இரண்டு வரியாக எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கீரனூர், கீரமங்கலம் பற்றிச் சொன்னேன். திருச்சி வடக்கே, திருமயம் தெற்கே. ஆனால் இரண்டும் 'திரு'வில் தொடங்குகின்றன. மங்கிய கண் சொல்லின் தொடக்கத்தையும் நீளத்தையும் வைத்தே ஊகம் செய்யும். தொடக்கம் ஒன்றாக இருந்தால் ஊகம் தவறும். இதைவிட வேடிக்கை, கழிப்பறைக் கதவுகளில் இருக்கிறது. 'ஆண்கள்', 'பெண்கள்' என்னும் சொற்களை எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தைத் தவிர மற்ற மூன்று எழுத்துகளும் ஒன்றே! முதல் எழுத்துத் தெரியாதவருக்கு இரண்டு கதவும் ஒரே கதவுதான். எனவே, பெரிய உருவப்படம் ஒன்றைச் சேர்ப்பதும், பஸ்களுக்குத் தடம் எண்ணைப் பெரிதாக எழுதுவதும் அலங்காரம் அல்ல, தேவை.

இரண்டாவது, ஒளி வேறுபாடு. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு நிறத்தில் இருந்தால் மட்டும் போதாது. வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இதை விளக்க நம் மாவட்டத்திலேயே ஓர் அரிய சான்று உண்டு. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தின் தமிழ் பிராமிக் கல்வெட்டையோ, குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையோ பார்க்கச் சென்றவர்கள் அறிவார்கள்: உச்சி வெயிலில் பாறையில் எழுத்து இருப்பதே தெரியாது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழும்போது எழுத்து எழுந்து நிற்கும். பாறைக்கும் எழுத்துக்கும் நிறம் ஒன்றுதான்; நிழலே அங்கே மையாகிறது. கல்வெட்டு அறிஞர்கள் என்ன செய்கிறார்கள்? ஈரத்தாளை எழுத்தின் மேல் ஒற்றி, தூரிகையால் தட்டிப் பதியவைத்து, மேலே மை பூசுகிறார்கள். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துத் தெளிவாக வந்துவிடுகிறது. பாறையில் கண்டறிய முடியாத எழுத்தைத் தாளில் காட்டியது எது? வெளிச்ச வேறுபாடே. குறைபார்வை உள்ளவருக்கு நம் பலகைகளில் பல உச்சி வெயில் கல்வெட்டுகளாகவே இருக்கின்றன.

இந்த வேறுபாட்டையும் கணக்கிடலாம். ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்று அளக்கிறார்கள். வெளிறிய பரப்பு 80 பங்கும், கருமையான எழுத்து 20 பங்கும் திருப்பினால், வேறுபாடாகிய 60-ஐ 80-ஆல் வகுக்க, 75 விழுக்காடு வருகிறது. 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது நன்று என்பது பல வழிகாட்டி நூல்கள் கூறும் அளவு. பின்புலம் 50, எழுத்து 30 என்றால் 40 விழுக்காடுதான். பச்சையின் மேல் சிவப்பு எழுதினால் இப்படித்தான் ஆகிறது; பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும், படிக்க முடியாது.

நல்ல உதாரணம் வேண்டுமானால் ரயில் நிலையத்துக்குச் செல்லுங்கள். பிளாட்பாரத்தின் கோடியில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ஊர்ப்பெயர் தமிழில் முதலில், பெரிதாக. ஓடும் வண்டியிலிருந்தும் படிக்கலாம். தவிர, எந்த ஊருக்குச் சென்றாலும் அதே நிறம், அதே இடம். எங்கே தேடுவது என்று தெரிந்திருப்பதே பார்வை குறைந்தவருக்குப் பாதி உதவி.

பளபளக்கும் பலகையும் தீமையே. வெயிலோ விளக்கோ அதில் பட்டுத் தெறித்தால், கண்புரை உள்ளவருக்கு எழுத்துகள் கரைந்துபோகும். மங்கலான பூச்சே ஏற்றது. எல்.இ.டி. விளக்குப் பலகையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால், மெதுவாகப் படிப்பவர் ஒரு சொல்லைப் பிடிக்கும் முன் அது கடந்துவிடும். ஊர்ப்பெயர் சில விநாடிகளாவது அசையாமல் நிற்க வேண்டும். நம்முடையது செம்மண் சீமை. கோடையில் ஒரு வாரம் துடைக்காத வெள்ளைப் பலகை காவி நிறமாகிவிடும். துடைப்பதும் பலகை வேலையில் சேர்ந்ததே.

மூன்றாவது, நிறம். வேதியியல் பாடத்தில் அணுக்கொள்கைக்காக நீங்கள் படிக்கும் ஜான் டால்டன், 1794-ஆம் ஆண்டில் தம் கண்ணைப் பற்றியே ஒரு கட்டுரை படித்தார். மற்றவர்கள் வேறு வேறு என்று சொல்லும் சில நிறங்கள் தமக்கு ஒன்றாகத் தெரிவதை அதில் விவரித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதே காரணம் என்று கருதி, தாம் இறந்த பிறகு கண்ணை ஆராயும்படி சொல்லிவைத்தார். 1844-ல் அவர் மறைந்தபின் ஆராய்ந்தார்கள். நீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்தக் கண் பாதுகாக்கப்பட்டது. 1995-ல் அதன் மரபணுவைச் சோதித்தபோது, நடுத்தர அலைநீள ஒளியை உணரும் நிறமிக்குரிய மரபணு அவரிடம் இல்லை என்பது தெரிந்தது. இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கேள்விக்கு விடை கிடைத்தது!

நம் விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை. அவற்றில் இரண்டு வகைக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்று. பழுதுபட்டால் ஈடு செய்ய இன்னொன்று இல்லை. ஆகவே சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் குறை ஆண்களிடமே மிகுதி. வட ஐரோப்பிய மரபினரில் ஆண்கள் நூற்றுக்கு எண்மர், பெண்கள் இருநூற்றுக்கு ஒருவர். நம் நாட்டில் அளவு அதைவிடக் குறைவு. ஆயினும் ஐம்பது மாணவர்கள் இருக்கும் வகுப்பில் ஓரிருவருக்கு இருக்கக்கூடும். 1917-ல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட வண்ணப் புள்ளி அட்டைகள் வழியே சோதிக்கும்போதுதான் பலருக்குத் தம் குறையே தெரியவருகிறது.

இந்தக் குறை உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது ரயிலினால்தான். 1875-ல் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. சைகையின் நிறத்தை உணராததே காரணமாயிருக்கலாம் என்று ஹோம்கிரென் என்னும் உடலியல் பேராசிரியர் கருதினார். அது உறுதிப்படவில்லை, ஆயினும் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியரின் கண்ணைச் சோதிக்கும் முறையை அவர் வகுத்தார். ரயிலை ஓட்டுபவரைச் சோதிக்கலாம். தெருவில் நடப்பவர் எல்லாரையும் சோதித்து விலக்க முடியுமா? பலகையைத்தான் திருத்த வேண்டும்.

அதற்கு விதி ஒன்றே: நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லாதே. போக்குவரத்து விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் தெரியாதவர் இடத்தைக் கொண்டு அறிவார். 'நில்' என்னும் சாலைக் குறிக்கு எட்டு மூலை. எச்சரிக்கைக் குறி முக்கோணம். கட்டளைக் குறி வட்டம். வடிவமே பேசுகிறது. இதற்கு மாறானதும் நம் நாட்டில் நடந்தது. கடையில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் அச்சிட்டு வந்தார்கள். பச்சையும் பழுப்பும் டால்டன் போன்ற கண்களுக்கு ஏறத்தாழ ஒன்றே. சைவ உணவு உண்ணும் ஒருவர் தம் கொள்கையைக் காக்க அந்தப் புள்ளியை நம்ப முடியவில்லை. 2020-ஆம் ஆண்டில் வெளியான விதிமுறை, அசைவத்தின் வட்டத்தை முக்கோணமாக மாற்றியது. ஒரு வடிவ மாற்றம், சிக்கல் தீர்ந்தது. ஆஸ்பத்திரிகளில் "பச்சைக் கோட்டைப் பின்பற்றிச் செல்க" என்று எழுதுபவர்கள் இதை நினைவில் கொள்வார்களாக. கோட்டின் மேலேயே 'கண் பிரிவு' என்று எழுதிவிட்டால் போதும். கறுப்பின் மேல் சிவப்பு எழுத்தையும் தவிர்க்க வேண்டும். சிவப்பை உணராத கண்ணுக்கு அது கறுப்போடு கலந்துவிடும்.

இவையெல்லாம் கருணையால் செய்யும் உதவிகள் என்று எண்ண வேண்டாம். நான் குறிப்பிட்ட 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, அணுகத்தக்க தன்மைக்கான தரங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரங்கள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறக்குறைபாடு அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆயினும் 2023-ல், தமிழ்நாட்டு மின்வாரியத்தில் நிறக்குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு வேலை மறுக்கப்பட்ட ஒரு பொறியாளருக்குத் தக்க பணி அளிக்கும்படி அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

மாணவ நண்பர்களே, உங்களால் இன்றே செய்யக்கூடிய மூன்று சோதனைகளைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் பள்ளி அல்லது கல்லூரிப் பலகை ஒன்றைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதை நிறமற்ற சாம்பல் படமாக மாற்றிப் பாருங்கள். எழுத்து மங்கினால் ஒளி வேறுபாடு போதவில்லை. அடுத்து, எண்ணெய் தடவிய தாளைக் கண்முன் பிடித்துக்கொண்டு அதைப் படிக்க முயலுங்கள்; எந்த எழுத்து முதலில் அடைபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, அளவுகோலால் எழுத்தின் உயரத்தை அளந்து, நான் சொன்ன கணக்கைப் போட்டு, எவ்வளவு தூரத்திலிருந்து யாரால் படிக்க முடியும் என்று எழுதுங்கள். இவற்றோடு, பார்வை குறைந்த ஒருவரை அழைத்துவந்து கேளுங்கள். அவருடைய ஒரு சொல் நம் கணக்குகள் எல்லாவற்றையும் திருத்தக்கூடும். பலகை எழுதும் முன்பே இதைச் செய்தால் செலவு கூடாது. அதே தகரம், அதே பூச்சு, அதே கூலி.

அன்று நான் அந்த அக்காளைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டேன். அவர் நன்றி சொன்னார்; ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. காரணம் எனக்குத் தெரியும். யாரையும் கேட்கக் கூடாது என்றுதான் அவர் என்னிடம் படிக்க வந்தார். அவர் தம் பங்கைச் செய்து எழுத்தைக் கற்றார். அந்த எழுத்தை அவர் கண்ணுக்கு எட்டும்படி வைப்பது இன்னும் பாக்கியிருக்கும் நம் பங்கு.